ஹேசல்நட்டை எந்தச் சூட்டில் வறுப்பது?

வீட்டில் ஹேசல்நட் வறுப்பதற்கான குறிப்புகளைத் தேடிப் படிக்கிறவருக்கு முதலில் மிஞ்சுவது குழப்பம்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து வரும் குறிப்புகள் 135 டிகிரி செல்சியஸில் 20 முதல் 30 நிமிடம் என்கின்றன. கேக் செய்முறைப் புத்தகங்கள் பெரும்பாலும் 175 அல்லது 180 டிகிரி, 10 முதல் 15 நிமிடம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஓவனே வேண்டாம், வாணலியில் சில நிமிடம் புரட்டினால் போதும் என்பவர்களும் உண்டு. மூன்று வழியிலும் பருப்பு வறுபடவே செய்யும். ஆனால் மூன்றும் ஒரே பருப்பைத் தருவதில்லை. கடிக்கும்போது வரும் மொறுமொறுப்பு, நடுவில் இருக்கும் நிறம், இரண்டு வாரம் கழித்து டப்பாவைத் திறந்தால் வரும் வாடை ஆகிய எல்லாமே சூட்டைப் பொறுத்து மாறுகின்றன. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு ஓவனில் 150 டிகிரியைத் தாண்டாமல், பொறுமையாக வறுப்பதே நல்லது. அதற்கான காரணங்கள் பருப்புக்குள்ளேயே இருக்கின்றன.

ஹேசல்நட் பருப்பின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு எண்ணெய். அந்த எண்ணெயில் முக்கால் பங்குக்கும் மேல் ஒலியிக் அமிலம். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருப்பதும் இதுதான். மீதியில் புரதம், நார்ச்சத்து, கொஞ்சம் சர்க்கரை, 4 முதல் 6 விழுக்காடு ஈரம். சூடு ஏறும்போது முதலில் வெளியேறுவது ஈரம். அது 1 அல்லது 2 விழுக்காடு அளவுக்கு இறங்கினால்தான் பல்லில் முறியும் மொறுமொறுப்பு வரும். ஈரம் குறையக் குறைய, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுவல் மணமும் உருவாகின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதற்குக் காரணமான மெய்லார்ட் வினை இதுவே. பைரசின் என்ற வகைச் சேர்மங்கள் இதில் பிறக்கின்றன. பாசுமதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் மணம் தரும் 2-அசிட்டைல்-1-பைரோலின் வறுத்த ஹேசல்நட்டிலும் உண்டு; காப்பியின் வாசனையில் முக்கியப் பங்கு வகிக்கும் ஃபர்ஃபுரைல்தயால் என்ற கந்தகச் சேர்மமும் உண்டு. சாக்லேட்டும் காப்பியும் இந்தப் பருப்போடு இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஹேசல்நட்டுக்கே உரிய மணம் இவற்றால் மட்டும் வருவதில்லை. ஃபில்பர்ட்டோன் என்றொரு கீட்டோன் இருக்கிறது. பச்சைப் பருப்பில் மிகச் சிறிய அளவில் இருக்கும் அது, வறுக்கும்போது பல மடங்கு பெருகுகிறது. ஆலிவ் எண்ணெயில் மலிவான ஹேசல்நட் எண்ணெயைக் கலந்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஆய்வகங்கள் தேடும் தடயங்களில் இதுவும் ஒன்று. அந்த அளவுக்கு அது இந்தப் பருப்பின் அடையாளம். இளவறுவலில் இந்த மணம் முன்னே நிற்கும். வறுவல் முற்றினால் காப்பி, கருகல் மணங்கள் மேலேறி இதை மூடிவிடும். கருமையாக வறுத்த ஹேசல்நட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றால் அது எந்தப் பருப்பு என்று சொல்வதே கடினம்.

ஓவனின் முன் நின்று பார்த்தால் இந்த மாற்றங்கள் வரிசையாகத் தெரியவரும். 145 டிகிரியில், ஒற்றை அடுக்காகப் பரப்பிய பருப்பில் முதல் பத்து நிமிடத்துக்குப் பெரிதாக எதுவும் நடப்பதாகத் தெரியாது. ஈரமான மரம் காய்வதுபோன்ற லேசான வாடைதான் வரும். பிறகு தோல் மெல்ல வெடிக்கத் தொடங்கும். பழுப்புத் தோலில் நீள்கோடுகள் விழுந்து, அவற்றின் இடுக்கில் வெண்ணெய் நிறத்தில் பருப்பு தெரியும். அந்தச் சமயத்தில் வாசனை சட்டென்று மாறும். மர வாடை போய், இனிப்பும் கொழுப்பும் கலந்த மணம் அடுக்களை முழுவதும் பரவும். பலர் இந்த இடத்தில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். அவசரம் அது. உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். ஆறியபின் மென்றால் பருப்பு ரப்பர்போல் இழுக்கும். இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்தால் திறந்த பகுதிகள் இளம்பொன் நிறத்துக்கு வரும்.

இங்கேதான் ஹேசல்நட் ஏமாற்றும். வெளியே பார்த்து உள்ளே எப்படி இருக்கும் என்று முடிவு செய்ய முடியாத பருப்பு இது. உருண்டை வடிவம், இரண்டு பருப்பிலைகளுக்கும் நடுவில் பெரும்பாலும் சிறு வெற்றிடம். சூடு அதிகமாக இருந்தால் மேல்பரப்பு பொன்னிறத்தில் இருக்கும்போதே நடுப்பகுதி தேயிலைச் சாறு நிறத்துக்குப் போய்விடுவதுண்டு. எனவே நிமிடக் கணக்கைவிட நம்பத்தக்கது கத்திதான். இருபது நிமிடம் ஆனதும் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுப்பகுதி பச்சை வெண்மையாக இருந்தால் இன்னும் நேரம் வேண்டும். விளிம்பும் நடுவும் ஒரே இளம்பொன் நிறத்தில் இருந்தால் எடுத்துவிடலாம். நடு மட்டும் கறுத்திருந்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். அடுத்த முறை பத்து டிகிரி குறைக்க வேண்டும். ஓரிடத்துப் பருப்பை மட்டும் வெட்டினால் போதாது. தட்டின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பார்ப்பது அவசியம். வீட்டு ஓவன்களில், குறிப்பாகச் சிறிய ஓடிஜிகளில், பின்பக்கத்துக்கும் கதவோரத்துக்கும் சூடு ஒன்றாக இருப்பதில்லை. குமிழில் 150 என்று வைத்தால் உள்ளே 165 இருப்பதும் சகஜம். உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இந்த வேலைக்கு நியாயமான செலவு.

நிறமும் மணமும் மட்டுமே கணக்கென்றால் 175 டிகிரியிலும் கண்காணித்து நல்ல பருப்பு எடுத்துவிடலாம். எண்ணெயின் கதை வேறு. பச்சைப் பருப்பில் எண்ணெய் நுண்ணிய துளிகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய புரத உறையோடு, செல்களுக்குள் பத்திரமாக இருக்கிறது. வறுக்கும்போது இந்த உறைகள் சிதைகின்றன, துளிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன, ஈரம் போன இடமெல்லாம் காற்றுப் புழைகளாகின்றன. ஆக்சிஜன் நேரே எண்ணெயைத் தொடும். வறுத்த பருப்பு பச்சைப் பருப்பைவிடச் சீக்கிரம் காறிப்போவது இதனால்தான். உள்ளே ஈரம் இருக்கும்போதே கடுஞ்சூடு பட்டால் இந்தச் சிதைவு இன்னும் மோசமாகும் என்பது உணவு ஆய்வாளர்களின் முடிவு. முதலில் குறைந்த சூட்டில் ஈரத்தை ஓட்டிவிட்டு, பிறகு சூட்டைக் கூட்டி நிறமும் மணமும் ஏற்றும் இரண்டு கட்ட வறுவலை அவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். வீட்டில் இதைச் செய்வது கடினமே இல்லை. 125 அல்லது 130 டிகிரியில் இருபது நிமிடம், பிறகு 150க்கு ஏற்றி எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம். அன்றே கேக்கில் போட்டுத் தீர்க்கப்போகிற பருப்புக்கு இந்தச் சிரமம் வேண்டாம். டப்பாவில் போட்டு வைக்கப்போவதென்றால் வித்தியாசம் நாக்குக்கே தெரியும்.

எடுத்தவுடன் சூடான தட்டிலேயே விட்டுவிடக் கூடாது. எண்ணெய் மிகுந்த பருப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு வறுபட்டுக்கொண்டே இருக்கும். அகலமான குளிர்ந்த தாம்பாளத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். மொறுமொறுப்பைச் சூட்டோடு சோதிப்பதிலும் பயனில்லை. முழுக்க ஆறிய பிறகுதான் அது தெரியும்.

எந்தப் பருப்பை வறுக்கிறோம் என்பதும் முக்கியம். உலக விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் அளவு துருக்கியின் கருங்கடல் கரையிலிருந்து வருகிறது. அங்கே கிரேசுன் பகுதியின் தோம்புல் என்ற உருண்டை வகைக்குத் தனி மதிப்பு. ஆகஸ்டில் பறித்து, களத்தில் பரப்பி, வெயிலில் உலர்த்துவார்கள். இத்தாலியில் பீட்மாண்ட் மாநிலத்து லாங்கே குன்றுகளில் விளையும் தோந்தா ஜென்டிலே வகை 1996இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. தெற்கே கம்பானியாவில் ஜிஃபோனி வகை இருக்கிறது. அமெரிக்க ஹேசல்நட் அனேகமாக முழுவதும் ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில் விளைவது. கிழக்கத்திய கருகல் நோய் என்ற பூஞ்சை நோய் பழைய பார்சிலோனா வகை மரங்களை வாட்டியெடுத்ததால், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜெஃபர்சன், யாம்ஹில் போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள வகைகள் இப்போது பரவியிருக்கின்றன. தோம்புலும் தோந்தா ஜென்டிலேயும் வறுத்துத் தேய்த்தால் தோல் எளிதாகக் கழன்றுவிடும். வேறு சில வகைகளில் எவ்வளவு தேய்த்தாலும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். தோல் உரியவில்லை என்று சூட்டைக் கூட்டிக் கருக்குகிறவர்கள், குறை பருப்பின் வகையில் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் இறக்குமதிப் பருப்பு, எந்த வகை என்ற விவரம் இல்லாமல். இந்தியாவில் ஹேசல்நட்டே இல்லையா என்றால் உண்டு. இமயமலையின் மேற்குப் பகுதியில் இதன் உறவான மரம் காட்டில் வளர்கிறது. ஹிமாச்சலத்தின் சம்பா மாவட்டத்துப் பாங்கிப் பள்ளத்தாக்கில் அதன் கொட்டையைத் ‘தாங்கி’ என்ற பெயரில் சேகரித்து விற்கிறார்கள். சென்னை, மதுரைக் கடைகளில் நமக்குக் கிடைக்கும் ஓடு நீக்கிய பருப்போ, கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் வெப்பத்தில் இருந்து வந்தது. எனவே வறுப்பதற்கு முன் ஒன்றிரண்டை வெட்டி மென்று பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே மஞ்சளாடி, தொண்டையில் காறல் அடித்தால் எந்தச் சூட்டில் வறுத்தாலும் அது மறையாது. மணம் கிளம்பும்போது காறலும் சேர்ந்தே கிளம்பும். அளவையும் கவனிக்க வேண்டும். துருக்கியில் பருப்பை 9–11, 11–13, 13–15 மில்லிமீட்டர் என்று சல்லடையிட்டுத் தரம் பிரிப்பது வெறும் அழகுக்காக இல்லை. பெரிதும் சிறிதும் கலந்த தட்டில் சிறியவை கருகும்போது பெரியவை பச்சையாக இருக்கும். கடைப் பருப்பில் அரைகுறையாக உடைந்தவற்றைத் தனியே எடுத்து, கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் போட்டால் போதும்.

ஓவன் இல்லாத வீட்டில் என்ன செய்வது? அடிகனமான இரும்புச் சட்டியில், மிகச் சிறு தீயில், கை ஓயாமல் புரட்டலாம். உருண்டைப் பருப்பு சட்டியை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. அந்தப் புள்ளி கருகும், மற்ற இடம் பச்சையாக நிற்கும். வாணலி வறுவலின் குறை இதுதான். இதற்கு நமக்குத் தெரிந்த மாற்று மணல். வேர்க்கடலையை மணலில் வறுப்பவர் எதற்காக மணல் போடுகிறாரோ அதே தேவை இங்கும் இருக்கிறது: எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சீரான சூடு. வியப்பு என்னவென்றால், இந்தப் பருப்பைக் கற்கால மனிதர்கள் வறுத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். வட ஜெர்மனியின் டுவென்ஸே சதுப்பு நிலத்தில், ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய வேட்டைச் சமூகத்தினர் மணல் பரப்பிய அடுப்புகளில் ஹேசல்நட் வறுத்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தின் கொலன்சே தீவில் ஒரே குழியில் லட்சக்கணக்கான கருகிய ஹேசல்நட் ஓடுகளை 1990களில் தோண்டியெடுத்தார்கள். அவை எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் பழையவை. அவர்கள் சுவைக்காக மட்டும் வறுத்திருக்க மாட்டார்கள். வறுத்த கொட்டை உடைக்க எளிது, எடை குறைவு, அரைக்கவும் வசதி. ஆனால் தோல் நீக்காத, ஓடு உடைத்த பருப்பை வீட்டில் மணலில் வறுத்தால் வெடிப்புகளில் மணல் புகுந்துவிடும். மணலுக்குப் பதில் கல்லுப்பைப் பயன்படுத்துவது மேல். ஒட்டினாலும் கெடுதல் இல்லை.

ஓட்டோடு வறுப்பது துருக்கியில் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஓட்டில் கீறல் விழச்செய்து வறுத்து விற்பார்கள். வீட்டில் உட்கார்ந்து உரித்துத் தின்பதற்கு அது ஏற்றது. ஓடு காப்புறைபோல் இருப்பதால் சூடு மெதுவாகவும் சீராகவும் இறங்கும். ஆனால் நிறத்தைப் பார்க்க வழியில்லை, உடைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏர் ஃபிரையரில் விசிறிக்காற்று வேகமாக அடிப்பதால் ஈரம் சீக்கிரம் போகும், நேரமும் குறையும். கழன்ற தோல் பறந்து மேலே உள்ள கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும் என்பதால் பாதி வறுவலில் நிறுத்தித் தோலை நீக்கிவிட்டுத் தொடரலாம். மைக்ரோவேவை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று கருக, பக்கத்தில் இருப்பது பச்சையாக இருக்கும்.

இனி தோல். இதை நீக்குவதா வேண்டாமா என்பதில் சமையல்காரர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். தோல் எடையில் மிகக் குறைவுதான், ஆனால் பருப்பின் பாலிஃபீனால்களில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. துவர்ப்பும் இலேசான கசப்பும் அதனால் வருபவை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனும் அதனுடையதே. தோல் நீக்கிய பருப்பு சீக்கிரம் கெடுவதற்கு இதுவே காரணம். வெறும் வாயில் கொறிக்கவும், கருமையான சாக்லேட்டோடு சேர்க்கவும் தோல் இருப்பதில் தவறில்லை. அந்தத் துவர்ப்பு இனிப்பைச் சமன் செய்கிறது. மென்மையான விழுது, வெள்ளைக் கிரீம் போன்றவற்றுக்கு நீக்கத்தான் வேண்டும். வறுத்துச் சூடாக எடுத்த பருப்பைச் சொரசொரப்பான துண்டில் கொட்டி, முடிச்சாகச் சேர்த்து ஒரு நிமிடம் வைத்தால் உள்ளே எழும் ஆவி தோலை இளக்கும். பிறகு துண்டோடு அழுத்தித் தேய்த்தால் பெரும்பகுதி கழன்றுவிடும். அப்படியே முறத்தில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்து பருப்பு தங்கும். அந்தத் துண்டு மறுபடி வெள்ளையாகாது என்பதால் பழையதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கத் தோல் நீங்கிய பருப்பு வேண்டுமென்றால் சோடா உப்பு முறை இருக்கிறது. இரண்டு கப் கொதிநீரில் கால் கப் வரை சமையல் சோடாவைப் போட்டு (பொங்கி வழியும், பெரிய பாத்திரம் வேண்டும்), ஒரு கப் பருப்பை மூன்று நிமிடம் வேகவிட்டால் தண்ணீர் கருஞ்சிவப்பாகிக் கறுத்துவிடும். குளிர்ந்த நீரில் அலசினால் தோல் விரலோடு வழுக்கிவரும். பார்க்க அழகு. ஆனால் பருப்பு தண்ணீர் குடித்துவிட்டதால் குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்திய பிறகே வறுக்க முடியும். அலசல் போதாமல் காரம் மிஞ்சினால் நிறம் வேகமாக ஏறும், சோப்புச் சுவையும் தட்டும். கேக்கின் மேல் முழுப் பருப்பை அலங்காரமாக வைப்பதற்கு மட்டும் இதைச் செய்வேன். மற்றபடி துண்டு வழியே போதும். அங்கங்கே ஒட்டிய தோலால் யாருக்கும் நட்டமில்லை.

உடல்நலம் சார்ந்த கேள்விகளையும் தொட்டுவிட வேண்டும். காய்ந்த பருப்பில் நோய்க்கிருமி இருக்காது என்று நம்புவது தவறு. 2011இல் அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் ஓட்டோடு விற்ற ஹேசல்நட் வழியாக ஈ. கோலை ஓ157 தொற்றி எட்டுப் பேர் நோயுற்றனர். ஈரமில்லாத, கொழுப்பு மிகுந்த சூழலில் இத்தகைய கிருமிகள் சூட்டை நன்றாகத் தாங்கும் என்பதால், வாணலியில் மேலோட்டமாகச் சூடாக்குவதை வறுவல் என்று கணக்கில் கொள்ளக்கூடாது. பருப்பின் நடுவரை சூடு இறங்க வேண்டும். அக்ரிலமைடு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி: அது உருவாக வேண்டிய அஸ்பராஜின் ஹேசல்நட்டில் குறைவு. ஒரே சூட்டில் வறுத்த பாதாமோடு ஒப்பிட்டால் இதில் உருவாவது மிகக் கொஞ்சம்.

ஒவ்வாமை உள்ளவர்கள் வறுவலை நம்பி இறங்கக் கூடாது. வட ஐரோப்பாவில் பிர்ச் மர மகரந்த ஒவ்வாமை உள்ள பலருக்குப் பச்சை ஹேசல்நட் தின்றால் வாய் அரிக்கும். அதற்குக் காரணமான புரதம் சூட்டில் பெரும்பாலும் சிதைவதால், வறுத்ததைத் தின்றால் பலருக்குத் தொல்லை குறைகிறது. ஆனால் கடுமையான எதிர்வினையை உண்டாக்கும் வேறு புரதங்கள், விதையில் சேமிக்கப்பட்டிருப்பவை, இதே சூட்டைத் தாங்கி அப்படியே நிற்கும். யாருக்கு எந்த வகை என்பதை மருத்துவரிடம் சோதித்துத்தான் அறிய முடியும்.

வறுத்ததை என்ன செய்யப்போகிறோம் என்பதும் வறுவலின் அளவை நிர்ணயிக்கும். சாலட், பாயசம், ஐஸ்கிரீம் மேல் தூவ இளவறுவல். பீட்மாண்டில் மாவே சேர்க்காமலும் செய்யும் ஹேசல்நட் கேக்குக்கும் அதுவே, ஏனென்றால் மறுபடி ஓவனுக்குள் போகிறது. விழுதுக்குக் கொஞ்சம் கூடுதலாக வறுக்கலாம். ஆல்பா நகரத்துப் பியெட்ரோ ஃபெரேரோ 1946இல் கோக்கோ தட்டுப்பாட்டுக் காலத்தில் உள்ளூர் ஹேசல்நட்டை நிறையச் சேர்த்துச் செய்த கட்டியிலிருந்து 1964இல் நியூட்டெல்லா வந்தது உலகறிந்த கதை. வீட்டு மிக்சியில் அதன் தாய்ச்சரக்கை எளிதாகச் செய்துவிடலாம். தோல் நீக்கிய பருப்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைத்தால் முதலில் பொடியாகும், பிறகு ஜாரின் ஓரத்தில் ஈரமணல்போல் ஒட்டும், மோட்டாருக்கு ஓய்வு கொடுத்து வழித்துவிட்டு அரைத்துக்கொண்டே போனால் எண்ணெய் பிரிந்து கரண்டியிலிருந்து வழியும் பதம் வரும். தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது, பட்டால் கெட்டியாகிவிடும்.

சேமிப்பில் நம் வெயிலை மறந்துவிட முடியாது. நல்ல காற்றுப்புகா டப்பாவில் வைத்தாலும், வெளியே இருக்கும் வறுத்த பருப்பை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. குளிர்பெட்டியில் இன்னும் சில வாரம் தாங்கும். எனவே மொத்தமாக வாங்கினாலும் மொத்தமாக வறுக்காதீர்கள். பச்சையாக உறைபெட்டியில் வைத்தால் ஓராண்டு வரை நன்றாக இருக்கும். வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுத்து வறுக்கலாம். அப்படி எடுக்கும்போது உறைந்த டப்பாவை உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த பருப்பின் மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் அப்படியே படிந்துவிடும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு திறந்து தட்டில் பரப்பினால் போதும்.